விலையில்லாப் பாடநூலும் அதனை வகுப்பில் வைத்த வகையும்

தோட்டப் பள்ளிக்கூடங்களின் பழங்கதையை நம் நேயர்கள் நன்கு அறிவார்கள். 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் அவற்றிற்கு வாயிலைத் திறந்தது. 1923ஆம் ஆண்டின் சட்டமோ, 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் துரைமார் பள்ளி வைத்தே தீரவேண்டும் என்று விதித்தது. அத்தாப்புக் கூரை எழுந்தது. கங்காணியோ, கிராணியோ, எழுத்தறிந்த வேறெவரோ உபாத்தியாயராக அமர்ந்தார். புத்தகம் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தது.

அந்தப் புத்தகத்தின்மீது குற்றமில்லை. அது வேறொரு நாட்டுப் பிள்ளைக்கென எழுதப்பட்டது, அவ்வளவே. பால்மரக் காட்டிலே கண்விழித்த பிள்ளை, தான் காணாத நாட்டின் ஆறுகளையும் அரசர்களையும் நெட்டுருச் செய்தது. நூல் கிடைத்தது, நூலைப் பிள்ளைக்குப் பொருத்துவார் இல்லை. பொருத்த வேண்டுமென்று ஓர் உபாத்தியாயர் விரும்பினாலும், பிறர் நூலைத் திருத்தி வெளியிடும் உரிமை அவருக்கு இல்லை. வெளியிட அச்சுக்கூடமும் இல்லை.

கடந்த கால் நூற்றாண்டில் உலகம் அவ்விரண்டையும் பெற்றுவிட்டது. உரிமையும் வந்தது, இணையம் என்னும் அச்சுக்கூடமும் வந்தது. எவரும் விலையின்றி எடுத்துக் கற்பிக்கவும், தம் தேவைக்கேற்பத் திருத்தவும், மொழிபெயர்க்கவும் இசைவு தந்து வெளியிடப்படும் பாடப் பொருள்களுக்குத் திறந்த கல்வி வளங்கள் என்று பெயர். அவை கைக்கு வந்த பின் வகுப்பறையில் நிகழ்ந்தது யாது? அதுவே இக்கட்டுரையின் பொருள். கதையின் பெரும்பகுதி அமெரிக்காவில் நடப்பது. ஆயினும் நம் பழைய பள்ளிக்கூடத்தை நினைவில் வைத்துப் படிப்பவர்க்கு அஃது அயலார் கதையாகத் தோன்றாது.

1999ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் ஒரு கேள்வியை எழுப்பினர். இணையத்தின்வழிக் கல்வி புகட்டும் காலம் வந்துவிட்டது. அதில் நம் கழகம் எவ்வாறு இடம்பெறுவது என்பதே அது. அக்காலத்தில் பல்கலைக்கழகங்கள் பலவும் இணையப் படிப்பை விற்றுப் பொருள் திரட்டலாம் என்று கனவு கண்டுகொண்டிருந்தன. இக்கழகத்தின் ஆசிரியர் குழுவும் அந்த வழியைத்தான் ஆராயத் தொடங்கிற்று. கணக்கிட்டுப் பார்த்தபோது விற்பனை வழி அவர்களுக்கு உவப்பாகத் தோன்றவில்லை. விற்பதைக் காட்டிலும் கொடுத்துவிடுதல் நன்று என்னும் முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். 2001 ஏப்ரலில், சார்ல்ஸ் வெஸ்ட் என்பார் தலைவராயிருந்த காலத்தில், கழகத்தின் பாடப் பொருள்கள் அனைத்தும் உலகுக்கு விலையின்றித் தரப்படும் என்று அறிவிக்கப்பட்டது. ஹியூலெட், மெல்லன் என்னும் இரு அறநிதியங்கள் முதற்கட்டச் செலவுக்கென 1 கோடியே 10 லட்சம் அமெரிக்க வெள்ளி அளித்தன. 2002இல் 50 பாடநெறிகள் முன்னோட்டமாக வெளிவந்தன, 2003இல் 500, 2007இன் இறுதியில் ஏறத்தாழ 1,800.

நல்ல கொடைதான். ஆயினும் கொடுக்கப்பட்டது யாது என்பதை நிதானமாகப் பார்க்கவேண்டும். விரிவுரைக் குறிப்புகள், படிக்கவேண்டிய நூல்களின் பட்டியல், பயிற்சிக் கணக்குகள், பழைய தேர்வுத்தாள்கள் ஆகியவையே பெரும்பாலும் இருந்தன. குறிப்பு என்பது எலும்புக்கூடு. அதற்குத் தசையும் குருதியும் தருபவர் அந்த வகுப்பில் நின்று பேசும் ஆசிரியர். அவர் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்தார். குறிப்பு மட்டுமே கடல் கடந்தது. பட்டியலில் கண்ட நூல்களோ கடையில் விலைக்கு விற்பவை. ஆதலால், தொலைநாட்டு ஆசிரியர் ஒருவர் அக்குறிப்பை இறக்கி வைத்துக்கொண்டு நாளை முதல் இதுவே என் பாடம் என்று வகுப்புக்குள் நுழைய இயலாதிருந்தது. கழகத்தாரும் அவ்வாறு சொல்லவில்லை. தாம் தருவது பாடப் பொருளேயன்றிக் கல்வியோ பட்டமோ அன்று என்று அவர்கள் தெளிவாகவே உரைத்தனர். அதனைக் கேட்காமல் ஆரவாரம் செய்தவர்கள் வெளியே இருந்தவர்கள்.

2002 ஜூலையில் பாரிஸ் நகரில் ஐக்கிய நாடுகளின் கல்வி அறிவியல் பண்பாட்டு அமைப்பாகிய யுனெஸ்கோ கூட்டிய அவையில்தான் ‘திறந்த கல்வி வளங்கள்’ என்னும் பெயர் பிறந்தது. வளரும் நாடுகளின் உயர்கல்விக்கு இத்தகைய கொடையால் ஆவது என்ன என்பதே அங்கு எடுத்துக்கொண்ட பொருள். கொடுப்பவர் ஒரு புறமும் வாங்குபவர் மறுபுறமும் என்றே என்றும் இருந்துவிடுமோ என்னும் அச்சம், இவ்வியக்கத்தின் நல்லோர் நெஞ்சில் அன்றுதொட்டே உண்டு.

இனி, உரிமையைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். பாடம் வகுக்கப் புகுவோர் பலர் இடறி விழும் இடம் இதுவேயாகும். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதெல்லாம் திறந்த வளம் அன்று. எழுதியவர் ஒன்றும் சொல்லாவிடில் முழு உரிமையும் அவருடையதே. 1998இல் டேவிட் வைலி என்னும் அமெரிக்கர், எழுதியவரே முன்வந்து பிறர்க்கு இசைவளிக்கும் உரிமப் பத்திரம் ஒன்றை வகுத்தார். 2001இல் தோன்றிய கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் அமைப்பு 2002 டிசம்பரில் அதனினும் செவ்வையான உரிமங்களை வெளியிட்டது. அவற்றின் நிபந்தனைகள் நான்கு. ஆக்கியோன் பெயரைச் சொல்லவேண்டும் என்பது ஒன்று. திருத்தி வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிடவேண்டும் என்பது மற்றொன்று. வணிக நோக்கில் பயன்படுத்தலாகாது என்பது மூன்றாவது. திருத்தியதை வெளியிடவே கூடாது என்பது கடைசி. இவற்றைப் பலவாறு சேர்த்து ஆறு உரிமங்கள் ஆக்கினர்.

கேட்க எளிதாயிருக்கிறது. வகுப்புக்குப் பாடம் தைக்கும்போது முடிச்சு தெரியும். மாசசூசெட்ஸ் கழகத்தின் பாடங்கள் வணிகம் கூடாது என்னும் நிபந்தனையோடும், அதே உரிமத்தில் வெளியிடவேண்டும் என்னும் நிபந்தனையோடும் வருவன. விக்கிப்பீடியாக் கட்டுரைகளோ 2009 முதல் அதே உரிமத்தில் வெளியிடவேண்டும் என்னும் நிபந்தனையோடு வணிகத்தையும் அனுமதிப்பன. இரண்டையும் கலந்து ஒரே பாடமாகத் திருத்தி எழுதினால் எந்த உரிமத்தை அதற்கு இடுவது? ஒன்றுக்கு இணங்கினால் மற்றொன்றுக்கு மாறாகும். இரண்டையும் தனித்தனியே அருகருகே வைத்துப் படிக்கச் சொல்லலாம். உருக்கி ஒன்றாக வார்க்க முடியாது. திருத்தலாகாது என்ற உரிமம் பெற்ற நூலைத் தமிழாக்கி வெளியிடுவதற்கும் வழியில்லை, மொழிபெயர்ப்பும் திருத்தமே. நம்மைப்போல் பிறமொழி நூல்களை எதிர்நோக்கி நிற்பவர்க்கு இஃது ஒன்றே போதும், உரிமப் பத்திரத்தை முதலில் படிக்கவேண்டும் என்பதற்கு.

அமெரிக்காவில் பாடநூல் விலை ஏறிய கதை தனியொரு பெருங்கதை. அந்நாட்டு அரசின் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகக் கணக்கின்படி, 2006க்கும் 2016க்கும் இடையே கல்லூரிப் பாடநூல் விலை 88 விழுக்காடு உயர்ந்தது. இதனால் பெரிதும் நொந்தவர்கள் சமூகக் கல்லூரி மாணாக்கர். சமூகக் கல்லூரி என்பது ஈராண்டுப் படிப்புத் தரும் பொதுக் கல்லூரி. பகலில் வேலை செய்து இரவில் படிப்பவரும், பிள்ளை பெற்று வளர்த்தபின் படிக்க வருபவரும், படைச் சேவையிலிருந்து மீண்டவரும் அங்கே மிகுதி. விலை கண்டு புத்தகம் வாங்காமலே வகுப்பில் அமர்ந்து, இரண்டு மூன்று வாரத்தில் தொடர முடியாமல் விலகிப்போவோர் உண்டு.

வர்ஜீனியா மாநிலத்துக் கடற்கரையில், நார்ஃபோக் நகரத்தையும் அதன் அண்டை ஊர்களையும் சார்ந்தது டைட்வாட்டர் சமூகக் கல்லூரி. 2013 இலையுதிர்காலத்தில் அக்கல்லூரி ஒரு காரியம் செய்தது. வணிக நிர்வாகத்தில் ஈராண்டுப் பட்டத்திற்குரிய 21 பாடநெறிகளையும், மாணாக்கர் ஒரு காசும் புத்தகத்திற்குக் கொடுக்க வேண்டாதபடி அமைத்தது. தனியொரு பாடத்தை இலவசமாக்கியவர் முன்பும் உண்டு. சேர்ந்த நாள் முதல் பட்டம் பெறும் நாள்வரை முழுமையும் அவ்வாறு அமைத்த கல்லூரி அமெரிக்காவில் அதற்கு முன் இல்லை. புத்தகச் செலவு சுழியம் ஆகையால், சுழியத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தைக்கொண்டு ‘இசட் பட்டம்’ என்று பெயரிட்டனர். அதில் அவர்களுக்குத் துணைநின்றது, முன்னர்க் கூறிய வைலியும் கிம் தானோஸ் என்னும் அம்மையாரும் 2012இல் தொடங்கிய லூமன் லேர்னிங் என்னும் நிறுவனம்.

அவர்கள் அதனை எவ்வாறு செய்தார்கள் என்பதே நாம் ஊன்றிப் பார்க்கவேண்டியது. எடுத்தவுடன் இலவச நூல்களைத் தேடி அவர்கள் ஓடவில்லை. தாம் அதுவரை கற்பித்துவந்த புத்தகத்தை முதலில் மூடி வைத்தார்கள். நெடுநாள் ஒரே புத்தகத்தை வைத்துக் கற்பித்த ஆசிரியருக்கு, பாடம் எது புத்தகம் எது என்பதே மறந்துபோகும். புத்தகத்தின் பன்னிரண்டு அதிகாரம் என்றால் பாடமும் பன்னிரண்டு அதிகாரம். அதை மூடிவிட்டு, இப்பாடம் முடியும் நாளில் மாணாக்கர் எதனைச் செய்யத் தெரிந்தவராக இருக்கவேண்டும் என்பதை மட்டும் எழுதிக்கொண்டார்கள். அதன்பின், அந்த ஒவ்வொரு வரிக்கும் நேராக எந்தத் திறந்த வளம் பொருந்துகிறது என்று தேடினார்கள். ஓரிடத்தில் ஒரு நூலின் பகுதி, மற்றோரிடத்தில் ஒரு காணொளி, வேறோரிடத்தில் யாரோ ஒருவரின் பயிற்சிக் கணக்கு என இவ்வாறு நிரப்பினார்கள். உரிமத்தை ஒவ்வொன்றிற்கும் சரிபார்த்தார்கள். பொருந்தும் வளம் கிடையாத வரிகளுக்கு ஆசிரியர்களே எழுதினார்கள்.

இம்முறையின் சிறப்பை ஓர் எதிர்மறையால் விளக்கலாம். வளத்தை முதலில் எடுத்துக்கொண்டு பாடத்தை அதற்கேற்ப வளைப்பவர், கிடைத்ததைக் கற்பிப்பவர் ஆகிறார். கிடையாதது பாடத்திலிருந்தே உதிர்ந்துபோகும். அது உதிர்ந்தது என்பது அவருக்கும் தெரியாது, மாணாக்கருக்கும் தெரியாது. வரிகளை முதலில் எழுதி வைத்திருப்பவருக்கோ வெற்றிடம் கண்ணில் உறுத்திக்கொண்டே இருக்கும்.

விளைவு என்ன? 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அக்கல்லூரியில் திறந்த வளங்களைக்கொண்டு நடந்த வகுப்புகளில், இடையில் விலகாது நிலைத்துத் தேறியோர் விகிதம் மற்ற வகுப்புகளைவிடச் சற்றே கூடியிருந்ததாகக் காட்டிற்று. இதனை நாம் மகிழ்வோடு ஏற்கலாம். துள்ளிக் குதிக்க வேண்டுவதில்லை. ஆய்வை எழுதியோருள் வைலியும், அக்கல்லூரியின் பேராசிரியை ஒருவரும் இருந்தனர். தம் பிள்ளையைத் தாமே எடைபோட்டவர் சொன்ன எடை அது. மேலும், பாடத்தை அடியோடு பிரித்துக் கட்டிய ஆசிரியர் அதனாலேயே நன்கு கற்பித்திருக்கவும் கூடும். காரணம் புத்தகத்தின் விலையா, ஆசிரியரின் புத்துழைப்பா என்று பிரித்தறிதல் எளிதன்று. புத்தகம் இலவசமே; ஆசிரியர்கள் அதற்கெனச் செலவிட்ட நாள்கள் இலவசமல்ல. திறந்த வளம் பேசுவோர் பலர் இச்செலவைக் கணக்கில் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள் என்பது நம் குறை.

இவ்வுழைப்பைக் குறைக்கும் ஏற்பாடும் அதே காலத்தில் எழுந்தது. ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓப்பன்ஸ்டாக்ஸ் என்னும் அமைப்பு, 2012இல் பௌதிகம், சமூகவியல் ஆகிய இரண்டிற்கும் முழுப் பாடநூல்களையே திறந்த உரிமத்தில் வெளியிட்டது. துண்டு துண்டாகத் தேடித் தைப்பதற்குப் பதிலாக ஆயத்த ஆடை கிடைத்ததுபோலாயிற்று. பாடநெறிக்கு ஏற்ப வெட்டவும் ஒட்டவும் இசைவு உண்டென்பதால், தையற்காரர் வேலை முற்றும் போய்விடவில்லை.

தென்னாப்பிரிக்காவின் வழி வேறு. அங்கே 2002இல், மார்க் ஹார்னர் என்னும் பௌதிக மாணாக்கரும் தோழர்களும் உயர்நிலைப் பள்ளிகளுக்கு இலவச அறிவியல் நூல் எழுதத் தொடங்கினர். அம்முயற்சி பின்னர் சியாவுலா என்னும் அமைப்பாக வளர்ந்தது. அப்பெயருக்கு அந்நாட்டு மொழிகளில் ‘நாங்கள் திறக்கிறோம்’ என்பது பொருள். அவர்கள் அந்நாட்டுப் பாடத்திட்டத்தை முன்வைத்தே எழுதினார்கள். அதனால், அரசாங்கக் கல்வித்துறை 10, 11, 12ஆம் வகுப்புகளுக்குரிய கணக்கு, அறிவியல் நூல்களைத் தாளில் அச்சடித்துப் பொதுப் பள்ளிகளுக்கு அனுப்ப முடிந்தது. இணையம் எட்டாத சிற்றூர்ப் பள்ளிக்கும் திறந்த நூல் சென்றது. கணினி இல்லாத இடத்தில் திறந்த வளத்திற்கு வேலையில்லை என்பாருக்கு இது போதிய விடை. உரிமம் திறந்திருந்தால் அச்சுக்கும் அது திறந்ததே.

நம் பக்கத்திலும் இவ்வலை வந்து மோதிற்று. 2007இல் பினாங்கில் வகுப்புத் தொடங்கிய வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் முதியோர்க்கானது. ஆசிய நாடுகளில் திறந்த வளங்களின் நிலையை ஆராய்வதில் அஃது முன்னின்றது. 2012இல் அதுபற்றி வட்டார மாநாடும் நடத்திற்று. 2016 டிசம்பரில் கோலாலம்பூரில் யுனெஸ்கோவின் ஆசியக் கலந்தாய்வு கூடியது. 2019 நவம்பரில் உலக நாடுகள் திறந்த கல்வி வளங்களைப் பற்றிய பரிந்துரையை அவ்வமைப்பில் ஏற்றன. பரிந்துரை சட்டமன்று, ஆயினும் பேச்சுக்கு ஒரு பிடிமானம்.

தமிழுக்கு இருப்பது என்ன என்று கேட்கலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்குமுள்ள தன்னார்வலர் உழைப்பால், பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக ஏற்றிவருகிறது. இலங்கைத் தமிழர் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து ஏடுகளையும் இதழ்களையும் திரட்டிக் காத்துவருகிறது. இவை நாம் தலைவணங்கத்தக்க பணிகள். ஆனால் இவை அலமாரிகள். இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியருக்கு அலமாரியில் நிரம்ப உண்டு. கணக்குவைப்பு, உடல்நலம், மின்சாரத் தொழில், தொழிலாளர் சட்டம் இவற்றைத் தமிழில் கற்பிக்க எண்ணுபவர்க்கு அவ்வலமாரி பெரிதும் உதவாது. அவர் ஆங்கில வளத்தை எடுத்துத் திருத்தவேண்டியவராகவே இருக்கிறார்.

ஓர் எடுத்துக்காட்டைத் தாளில் எழுதிப் பார்ப்போம். தோட்டத்தை ஒட்டிய ஊர் ஒன்றில், வேலைக்குச் செல்லும் இளைஞர்க்கு மாலை வகுப்பு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாடம் சம்பளக் கணக்கு. முதல் வரி: மாணாக்கர் தம் சம்பளச் சீட்டைப் படித்து, மிகைநேரக் கூலி சரியாகக் கொடுக்கப்பட்டுள்ளதா என்று தாமே கணக்கிடவேண்டும். இரண்டாவது வரி: ஊழியர் சேமநிதிக்கும் சொக்சோவுக்கும் பிடித்த தொகை சரியா என்று பார்க்கவேண்டும். மூன்றாவது: தவறு கண்டால் அதனை முதலாளிக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும்.

வளத்தைத் தேடுகிறோம். ஓப்பன்ஸ்டாக்ஸ் 2019இல் வெளியிட்ட கணக்கியல் நூலில் சம்பளக் கணக்கைப் பற்றிய பகுதி உண்டு. வணிகமின்றி, அதே உரிமத்தில் வெளியிடுவதானால் தமிழாக்கலாம், திருத்தலாம். ஆகவே நம் தமிழ்ப் பாடத்தை விற்றுப் பொருளீட்ட இயலாது என்பது தொடக்கத்திலேயே தீர்ந்தது. படித்துப் பார்க்கிறோம். மொத்தச் சம்பளம், பிடித்தம், கைக்கு வரும் சம்பளம் என்னும் அமைப்பும், பதிவு செய்யும் முறையும் அப்படியே நமக்கு ஆகும். ஆனால் பிடித்தங்கள் அமெரிக்க அரசின் வரிகள். மிகைநேரம் அங்கே வாரம் 40 மணிக்கு மேல். தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி முதல் 45 மணி என்பது சட்டம். வேலைநாளில் மிகைநேரத்திற்கு ஒன்றரை மடங்கு, ஓய்வுநாளில் இரு மடங்கு, பொது விடுமுறையில் மும்மடங்கு என்னும் நம் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் படிநிலையும் அந்நூலில் இராது. 1951இல் ஏற்பட்ட நம் சேமநிதியைப் பற்றி அமெரிக்க நூல் ஏன் பேசப்போகிறது?

இந்நூலை அப்படியே தமிழாக்கி அந்த இளைஞர் கையில் கொடுத்தால், நாம் 1923க்குத் திரும்பிவிட்டோம். அன்று காணாத ஆறு. இன்று காணாத வரி. வேற்றுமை ஒன்றே: அன்றைய உபாத்தியாயர் கை கட்டப்பட்டிருந்தது. இன்று முதல் வரிக்கு நேரே ‘அமைப்பு எடுத்துக்கொள்க, எண்களை மாற்றுக’ என்றும், இரண்டாவதற்கு நேரே ‘பிடித்தப் பட்டியல் முழுதும் புதிதாக எழுதுக’ என்றும் நாமே குறித்துக்கொள்ளலாம். சட்டம் மாறும், 48 மணி 45 ஆனதை நாமே கண்டோம். ஆதலால் எழுதிய தேதியையும், ஆண்டுதோறும் எவர் அதனைச் சரிபார்ப்பார் என்பதையும் தாளின் ஓரத்தில் எழுதவேண்டும். பொறுப்பாளர் பெயரில்லாத திறந்த பாடம் ஈராண்டில் பொய் சொல்லத் தொடங்கும்.

மூன்றாவது வரிக்கு நேரே ஒன்றும் கிடைக்கவில்லை. சம்பளத் தவற்றைப் பணிவோடும் உறுதியோடும் முதலாளிக்கு எழுதுவது எவ்வாறு என்று, இந்நாட்டு வழக்கம் அறிந்து சொல்லும் பாடத்தை, நாம் பார்த்த திறந்த நூல்களில் காணோம். அந்த வரியை நாம் அடிக்கவில்லை. இடத்தைக் காலியாக விட்டு, ‘எழுதப்பட வேண்டியது’ என்று மட்டும் குறித்து வைத்திருக்கிறோம்.